காணாக்கடி: கடித்தது யார்?

2007ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து இரவு ஒன்று இன்னும் என் நினைவில் இருக்கிறது. ஸ்கூடாயில் நாங்கள் தங்கியிருந்த மாணவியர் விடுதியின் மூன்றாவது மாடியில், மறுநாள் தேர்வுக்காகக் கண்விழித்துப் படித்துக் கொண்டிருந்தோம். என் அறைத்தோழிக்குக் கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. மூக்கு அடைத்திருந்தது. காலையிலிருந்து அவள் எத்தனை முறை தும்மினாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

“எட்டுக்கால் பூச்சிதான் கடிச்சிருக்கு. மேலே பாரு, எவ்வளவு ஒட்டடை!” என்றாள்.

உண்மைதான். கூரையின் நான்கு மூலைகளிலும் ஒட்டடை தொங்கிக் கொண்டிருந்தது. படிப்பை மூடி வைத்துவிட்டு இருவரும் துடைப்பத்தை எடுத்தோம். ஒட்டடை அடித்தோம். அத்தோடு விட்டோமா? பூச்சி மெத்தையில் ஒளிந்திருக்கும் என்று மெத்தையைத் தூக்கி நிறுத்தி அடித்தோம். அவள் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த இலவம்பஞ்சுத் தலையணையையும் விடவில்லை. கதவும் சன்னலும் சாத்தியிருந்த அறையில் இத்தனையும் நடந்தது. அரை மணி நேரத்திற்குள் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினாள். அவளிடம் நீல நிறப் பம்ப் உண்டு. ஆனால் அது வீட்டில் இருந்தது. ‘அடிக்கடி எடுத்தால் பழக்கமாகிவிடும்’ என்று அம்மா வாங்கி வைத்துக் கொண்டாராம்.

விடுதிப் பொறுப்பாளரின் காரில் கொண்டு போய் கிளினிக்கில் கேஸ் பிடித்த பிறகுதான் அவள் உதடுகளில் நிறம் திரும்பியது. அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “எந்த மாதிரித் தலையணையில் படுக்கிறீர்கள்?” என்பது. எட்டுக்கால் பூச்சியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உயிரியல் படிக்கும் மாணவி என்று சொல்லிக் கொண்டிருந்த எனக்கு அது பெரிய வெட்கமாகப் போய்விட்டது. அன்று தேடத் தொடங்கியதைத்தான் இக்கட்டுரையில் இன்றைய மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

சிலந்தியின் மீது விழுந்த பழி

தமிழில் ‘காணாக்கடி’ என்றொரு சொல் உண்டு. உடலில் திடீரென்று தடிப்புகள் எழும்பி அரிக்கும்போது நம் பாட்டிமார் சொல்வது. கடித்தது போல் தடித்திருக்கிறது, கடித்ததைக் காணோம் என்பதுதான் பொருள். நேர்மையான சொல். ஆனால் மனித மனம் காணாததோடு நிறைவடைவதில்லை; கண்ணுக்குத் தெரிகிற ஒன்றின் மேல் பழியைப் போட்டால்தான் அதற்கு ஆறுதல். கூரை மூலையில் வலை பின்னிக்கொண்டு சும்மா இருக்கும் சிலந்தி அதற்கு வசதியாக அகப்படுகிறது.

சிலந்தியிடம் நஞ்சு உண்டு. அது பூச்சிகளை மயக்குவதற்கான நஞ்சு. வீட்டுச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றின் பற்கள் நம் தோலைத் துளைக்கும் அளவுக்கு வலுவுள்ளவை அல்ல. மேலும், நஞ்சால் ஏற்படும் வலியும் வீக்கமும் ஒவ்வாமை ஆகா. ஒவ்வாமை என்பது தீங்கற்ற ஒன்றைத் தீங்கென்று நினைத்து நம் உடலே செய்யும் ஆர்ப்பாட்டம். சிலந்தியால் இத்தகைய ஒவ்வாமை ஏற்படுவது மிக மிக அரிது. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. வீடுகளில் வாழும் நீள்கால் சிலந்தி வகை ஒன்றின் உடலிலுள்ள ஆர்ஜினைன் கைனேஸ் என்னும் புரதம் ஆஸ்துமாவைத் தூண்டியதை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டனர். அமெரிக்கக் கண்டத்துப் பெருஞ்சிலந்திகள் தங்கள் வயிற்று மயிரைக் காலால் உதைத்து வீசும். அது தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் அழற்சி. செல்லப் பிராணியாக அவற்றை வாங்கி வளர்க்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டும். நம் ஜொகூர்க் காடுகளில் உள்ள ஆசியப் பெருஞ்சிலந்திகளுக்கு இந்த வித்தை தெரியாது. அவை கடித்தால் நன்றாக வலிக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு பழியும் உண்டு. காலையில் எழுந்தால் கழுத்திலோ கன்னத்திலோ சூடு போட்டது போல் ஒரு கோடு, எரிச்சல், அடுத்த நாள் கொப்புளம். “எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது” என்பார் எங்கள் பாட்டி. அது பெரும்பாலும் ‘சார்லி’யின் வேலை. மலாய்க்காரர்கள் செமுட் செமாய், செமுட் காயாப் என்று சொன்னாலும் அது எறும்பன்று. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, ஆரஞ்சும் கறுப்பும் கலந்த வண்டு. அது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. விளக்கொளிக்கு வந்து நம் மீது உட்காரும்போது நாம் அதைத் தேய்த்து நசுக்கிவிடுகிறோம். அதன் உடலிலுள்ள பெடரின் என்னும் நச்சுநீர் தோலைப் புண்ணாக்குகிறது. வயலுக்கும் செம்பனைத் தோட்டத்திற்கும் அருகிலுள்ள விடுதிகளில் இது ஆண்டுதோறும் நடக்கும் கதை. நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் சிலந்தி பெரும்பாலும் நிரபராதி. ஆனால் அதன் குடும்பம் அப்படியன்று. சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் எட்டுக்கால் குடும்பத்தைச் சேர்ந்தவை. மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் உண்ணியை நாம் அறிவோம். அதற்குக் கண்ணுக்கே தெரியாத சிறிய உறவினர் கூட்டம் ஒன்று உண்டு. அவற்றைச் சிற்றுண்ணி என்போம். மலாயில் ஹாமா. தமிழ்நாட்டு விவசாயிகள் இலையின் அடியில் நூல் பின்னிச் சாற்றை உறிஞ்சும் சிற்றுண்ணி ஒன்றைச் ‘செஞ்சிலந்தி’ என்றே அழைக்கிறார்கள். தென் கொரியாவின் ஜேஜு தீவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்களின் ஆஸ்துமாவுக்கும் மூக்கொழுக்கிற்கும் இவ்வகைச் சிவப்புச் சிற்றுண்ணியே முதன்மைக் காரணம் என்று 1999இல் தெரிய வந்தது. எனவே ‘சிலந்தியால் வந்தது’ என்று சொல்வதில் எங்கோ ஒரு மூலையில் உண்மை இருக்கிறது, ஆள்தான் வேறு.

மெத்தைக்குள் ஒரு குடியிருப்பு

வீட்டுத் தூசி ஆஸ்துமாவைக் கிளப்பும் என்பது 1920களிலேயே மருத்துவர்களுக்குத் தெரியும். தூசியில் இருக்கும் எது என்பதுதான் தெரியவில்லை. பஞ்சா, பூஞ்சையா, ரோமமா என்று நாற்பது ஆண்டுகள் தேடினார்கள். 1964இல் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோரின் குழு, அது ஒரு சிற்றுண்ணிதான் என்று காட்டியது. அதன் அறிவியல் பெயர் டெர்மட்டோபேகாய்டஸ் டெரோனிசினஸ். பெயரின் முதற்பாதிக்குக் கிரேக்க மொழியில் ‘தோலைத் தின்பது’ என்று பொருள். தமிழில் ‘தோலுண்ணி’ என்று வைத்துக் கொண்டால் நாக்குச் சுளுக்காது.

பெயருக்கேற்ற வாழ்க்கை. நம் உடலிலிருந்து ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இறந்த தோல் உதிர்கிறது. அதில் ஒரு பகுதி நாம் எட்டு மணி நேரம் புரளும் மெத்தையில் விழுகிறது. கால் மில்லிமீட்டர் நீளமுள்ள இந்தப் பிராணிக்கு அதுவே சோறு. நம்மைக் கடிப்பதில்லை, கடிக்கத் தேவையுமில்லை. இரண்டு மூன்று மாதம் வாழும். ஒரு பெண் தன் ஆயுளில் அறுபதுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும்.

தோலுண்ணிக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சியே அது வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் நீண்ட நாள் 50 விழுக்காட்டிற்குக் கீழே இருந்தால் வற்றிச் செத்துவிடும். குளிர்நாடுகளில் மாரிக்காலத்தில் வீட்டைச் சூடேற்றும்போது காற்று காய்ந்து அதன் எண்ணிக்கை குறையும். நம் ஜொகூரில் ஆண்டின் எந்த மாதத்தில் காற்று காய்கிறது? சராசரி ஈரப்பதம் எண்பதுக்கு மேல். அதற்கும் மேலாக நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. ஆகவே இங்கே தோலுண்ணிக்கு ஆண்டு முழுதும் திருவிழா.

இங்கே அதற்குத் துணையும் இருக்கிறது. புளோமியா டிராப்பிகாலிஸ் என்னும் இன்னொரு சிற்றுண்ணி வெப்பமண்டல நாடுகளுக்கே உரியது. 1973இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினர் கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளின் தூசியை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, மிக அதிகமாகக் காணப்பட்டது இந்தப் புளோமியாதான். அதற்கு அடுத்துத் தோலுண்ணி. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலும் அதே நிலைதான். ஐரோப்பியப் பாடநூலை மட்டும் படித்தவர்களுக்கு இந்த இரண்டாவது ஆள் கண்ணில் படுவதில்லை. ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றதற்கும் கட்டாயம் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. எனவே தோல் சோதனைக்குப் போகிறவர்கள், அதில் புளோமியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.

சரி, கடிக்காத பிராணி எப்படி நம்மை வாட்டுகிறது? எழுதவே கூச்சமாக இருக்கிறது: அதன் எச்சத்தால். ஒரு சிற்றுண்ணி நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது எச்ச உருண்டைகள் இடும். ஒவ்வோர் உருண்டையும் மகரந்தத் தூள் அளவு. உணவைச் செரிக்க அது சுரந்த நொதிகள் அந்த உருண்டையில் உயிர்ப்போடு இருக்கும். டெர் பி 1 எனப்படும் புரதம் அவற்றில் தலையாயது. ஒவ்வாமைப் பொருள் பெரும்பாலும் எச்சத்தில்தான் உள்ளது என்பதை டோவி, சாப்மன், பிளாட்ஸ்-மில்ஸ் ஆகிய மூவரும் 1981இல் காட்டினார்கள்.

அந்த நொதியின் தொழிலே புரதத்தை வெட்டுவது. செத்த தோலை வெட்டுவதற்காக ஏற்பட்டது, நம் மூக்கின் உட்சவ்வில் வந்து விழுந்தால் அங்கேயும் வெட்டுகிறது. உயிரணுக்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகளை அது அறுத்துவிட, அந்த இடைவெளி வழியே உள்ளே நுழைகிறது. மரபுவழியாக ஒவ்வாமைப் போக்கு உள்ளவர்களின் உடல் இதை ஒட்டுண்ணியின் படையெடுப்பு என்று தவறாகக் கணித்து ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி வைத்துக் கொள்கிறது. 1960களின் பிற்பகுதியில் ஜப்பானிய இணையரான இஷிசாகாவும், தனியே சுவீடன் ஆய்வாளர்களும் கண்டுபிடித்தது இது. இந்த ஐ.ஜி.ஈ. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் தோலிலும் உள்ள மாஸ்ட் அணுக்களின் மேல் கண்ணிவெடிபோல் ஒட்டிக் காத்திருக்கும். அடுத்த முறை எச்சத் துகள் வந்து பட்டவுடன் வெடிக்கும். உள்ளிருந்து ஹிஸ்டமின் கொட்டும். மூக்கில் கொட்டினால் தும்மல், கண்ணில் அரிப்பு, மூச்சுக்குழாயில் இழுப்பு. ஏற்கெனவே கரப்பான் உள்ள தோலில் அரிப்பு இன்னும் மோசமாகும்.

இப்போது அன்றிரவு நாங்கள் செய்த காரியத்தை நினைத்துப் பாருங்கள். எச்ச உருண்டைகள் கனமானவை. கலைக்காவிட்டால் காற்றில் மிதப்பதில்லை. கலைத்தாலும் அரை மணி நேரத்திற்குள் அமர்ந்துவிடும். நாங்கள் சாத்திய அறையில் மெத்தையை அடித்து, பல ஆண்டுச் சேமிப்பைக் காற்றில் பறக்கவிட்டு, இரண்டு பேருமாக நின்று சுவாசித்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு ஆனது. ஒரே மெத்தைத் தூசி, இரண்டு உடல்கள். ‘அவள் உடம்பு மெலிவு’, ‘சுத்தம் போதாது’ என்று மற்றவர்கள் சொன்னதில் எந்த நியாயமும் இல்லை. விடுதியிலேயே அதிகம் கூட்டிப் பெருக்கியவள் அவள்தான்!

அந்தத் தலையணைக்கு ஒரு வரலாறு உண்டு. அவள் ஊர் கோத்தா திங்கி. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அந்த ஊர் இருமுறை வெள்ளத்தில் மூழ்கியதை ஜொகூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்த பின் வீட்டில் மிஞ்சிய பொருள்களில் ஒன்று, அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் தப்பிய தலையணை. இறந்து போன பாட்டி தோட்டத்து இலவ மரத்தின் பஞ்சை எடுத்து, கொட்டை நீக்கித் தன் கையால் அடைத்தது. நனையவில்லைதான். ஆனால் வாரக்கணக்கில் ஈரம் காயாத வீட்டில் இருந்த பழைய பஞ்சு அது. சிற்றுண்ணிக்கும் பூஞ்சைக்கும் அதைவிட நல்ல இடம் எது? மருத்துவர் அதைத் தூக்கி எறியச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள்.

இறாலும் கோதுமை மாவும்

இங்கே சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு இறால், நண்டு சாப்பிட்டால் உதடு அரிக்கும், தொண்டை நமநமக்கும். “சின்ன வயதில் ஒன்றும் செய்யவில்லையே, இப்போது மட்டும் ஏன்?” என்று கேட்பார்கள். டிரோப்போமயோசின் என்னும் தசைப்புரதம் இறாலிலும் உண்டு, கரப்பான் பூச்சியிலும் உண்டு, சிற்றுண்ணியிலும் உண்டு. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே வடிவம். ஆண்டுக்கணக்கில் சிற்றுண்ணித் தூசியைச் சுவாசித்து அதற்கு எதிராகப் பழகிய உடல், சம்பல் இறாலைப் பார்த்ததும் அதே ஆள் என்று அடையாளம் தவறிவிடலாம். தூசி ஒவ்வாமை உள்ள எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆகிறவர்கள் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

மாவு விஷயம் இன்னும் விசித்திரமானது. பிரித்துக் கட்டிய கோதுமை மாவுப் பொட்டலம் நம் ஈரக்காற்றில் சில மாதங்கள் இருந்தால் சிற்றுண்ணி குடியேறிப் பெருகும். அந்த மாவில் சுட்ட பண்டத்தைச் சாப்பிட்டுச் சிலர் மயங்கி விழுந்ததை வெனிசுவேலா நாட்டு மருத்துவர்கள் 1997இல் விரிவாக எழுதினார்கள். சுட்டாலும் பொரித்தாலும் தீராது; சிற்றுண்ணி சாகும், அதன் ஒவ்வாமைப் புரதங்களில் சில வெப்பத்தைத் தாங்கி நிற்கும். வெளியே பார்த்தால் ‘கோதுமை ஒவ்வாமை’ போலவே இருக்கும். புதிய மாவில் செய்ததைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்பதுதான் துப்பு. அவசரத்துக்குக் கோதுமை மாவு தோசை ஊற்றும் விடுதிவாசிகளே, மாவை இறுக மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள். சாப்பிட்ட சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, தலை சுற்றினால் அது மருந்து மாத்திரை தேடும் நேரமன்று. 999க்கு அழைக்கும் நேரம்.

வெளியே சொல்லப்படாத அரிப்பு

தோலுண்ணி கடிக்காது என்றேன். தோலைக் குடையும் சிற்றுண்ணி வேறொன்று. மலாயில் கூடிஸ் பூத்தா, தமிழில் சொறி சிரங்கு. இதைப் பற்றி ஆண்டு மலரில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எழுதத்தான் வேண்டும். விடுதிகளில் இது மறைக்கப்படுவதால்தான் பரவுகிறது.

பெண் சிற்றுண்ணி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி முட்டையிடும். வழக்கமான சிரங்கில் ஒருவர் உடல் முழுவதும் இருப்பது பத்துப் பதினைந்து சிற்றுண்ணிகள் மட்டுமே. அத்தனை சிலவற்றுக்கா இரவெல்லாம் உறங்க விடாத அரிப்பு? ஆம். அந்த அரிப்பே ஓர் ஒவ்வாமைதான். சிற்றுண்ணியின் உடல், முட்டை, எச்சம் ஆகியவற்றின் மீது நம் உடல் காட்டும் எதிர்ப்பு. அதனால்தான் முதன்முறை தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை எந்த அரிப்பும் இருக்காது. உடல் இன்னும் கற்றுக் கொள்ளவில்லை. அந்த ஒரு மாதமும் அவர் அறியாமலே மற்றவருக்குப் பரப்புவார். இரண்டாம் முறை வந்தால் ஓரிரு நாளிலேயே அரிக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு செய்திகள் விளங்கும். ஒன்று, யாருக்கு முதலில் அரித்ததோ அவர்தான் கொண்டு வந்தார் என்ற முடிவு தவறு. ஒருவரைக் குற்றஞ்சாட்டி அறையை மாற்றச் சொன்ன கதைகளை நான் அறிவேன். இரண்டு, அறையில் உள்ள அனைவரும், அரிப்பு இல்லாதவரும், ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். பெர்மெத்ரின் 5 விழுக்காட்டுக் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கும் நக இடுக்கும் விடாமல் பூசி, இரவு முழுதும் வைத்துக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை. துணிகளையும் விரிப்பையும் சுடுநீரில் துவைக்கவோ, ஒரு வாரம் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவோ செய்யலாம். மனித உடலை விட்டு விலகினால் அது இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. சிகிச்சைக்குப் பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. உள்ளே செத்துக் கிடப்பவற்றோடு உடல் இன்னும் சண்டை போடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ‘புறக்கணிக்கப்பட்ட’ என்ற சொல் சரியாகத்தான் இருக்கிறது.

ஒவ்வாமையோடு குழப்பிக் கொள்ளக் கூடாத ஒன்றையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன். லாலாங் புல்லிலும் புதரிலும் இருக்கும் துங்காவ் என்னும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்தால் புதர்க் காய்ச்சல் வரலாம். அது தொற்று. 1920களில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வில்லியம் பிளெட்சரும் லெஸ்லாரும் மலாயாவில் இக்காய்ச்சலை ஆராய்ந்தபோது, செம்பனைத் தோட்டங்களில் புல் வெட்டிய தொழிலாளர்களிடம் அதைக் கண்டார்கள். நம் மூதாதையர் எத்தனை பேர் பெயர் தெரியாத காய்ச்சலில் போனார்களோ! 1948இல் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் குளோரம்பெனிக்கால் கொடுத்துப் பார்த்த பிறகுதான் இதற்கு மருந்து கிடைத்தது. குனோங் லேடாங், எண்டாவ் ரொம்பின் என்று முகாமுக்குப் போய்த் திரும்பிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் உடலில் எங்காவது கருகிய புண்ணும் கண்டால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி என்ன செய்வது?

காலையில் எழுந்தவுடன் தும்மல், வெளியே போனால் குறைகிறது, படுக்கையை உதறினால் கூடுகிறது என்றால் சிற்றுண்ணியைச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய, தோல் குத்துச் சோதனை உண்டு. முன்கையில் ஒவ்வொரு சாற்றின் துளியையும் வைத்து ஊசிமுனையால் லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பு எழும்பினால் உடல் அதற்குப் பழகியிருக்கிறது என்று பொருள். சோதனைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே அரிப்பு மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, சிப் வைத்த உறை போடுங்கள் என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. இதில் நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2003இல் இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களிடம் செய்த பெரிய ஆய்வில், உறை மட்டும் போட்டதால் பெரியவர்களுக்குப் பயன் தெரியவில்லை. 2017இல் அதே நாட்டில் சிற்றுண்ணி ஒவ்வாமை உள்ள குழந்தைகளிடம் செய்த ஆய்விலோ, உறை போட்டவர்கள் கடும் இழுப்பால் மருத்துவமனைக்கு ஓடியது குறைந்தது. ஆக, உறையை மந்திரமாக நம்பி மருந்தை விட்டுவிடக் கூடாது. ஒரே ஒரு காரியத்தைச் செய்து ஏமாறுவதைவிடப் பலவற்றைச் சேர்த்துச் செய்யலாம்: விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 55 முதல் 60 பாகை வெந்நீரில் துவைப்பது, அறையில் கம்பளத்தைத் தவிர்ப்பது, பொம்மைகளை ஒருநாள் உறைபெட்டியில் வைத்துப் பின் அலசுவது. விடுதி இயந்திரத்தில் வெந்நீர் இல்லையா? குளிர்நீரும் எச்சத்தை நிறையக் கரைத்துக் கொண்டு போய்விடும், பிராணிதான் சாகாது. அதற்கு நம்மிடம் காசில்லாத மருந்து ஒன்று இருக்கிறது. நேர் வெயிலில் சில மணி நேரம் போட்டால் சிற்றுண்ணி காய்ந்து சாகும் என்பதை ஆஸ்திரேலியாவில் கம்பளங்களை வெயிலில் போட்டுச் சோதித்தே நிறுவியிருக்கிறார்கள். பாயை வெயிலில் போட்ட நம் அம்மாக்களுக்கு ஆய்வு தேவைப்படவில்லை. ஆனால் வெயிலில் போட்டதை அடிப்பதும் உதறுவதும் ஒவ்வாமை இல்லாதவரின் வேலையாக இருக்கட்டும்.

மருந்துக்கு வருவோம். மூக்குக்கு ஸ்டீராய்டு தெளிப்பான். தினமும் அடித்தால்தான் பயன், தும்மும்போது மட்டும் அடித்தால் இல்லை. சிற்றுண்ணிச் சாற்றையே நாக்கின் அடியில் வைத்து உடலைப் பழக்கும் மாத்திரையும் வந்துவிட்டது. அமெரிக்க அரசு 2017இல் அனுமதித்தது. விலை அதிகம், ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டும், அதில் நம் ஊர்ப் புளோமியா இல்லை.

ஆஸ்துமாவில்தான் நம் வீடுகளில் பெரும் தவறு நடக்கிறது. நீலப் பம்ப் மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் விரிக்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு கலந்த தடுப்புப் பம்ப். நுரையீரலுக்குள் போகும் அளவு மைக்ரோகிராம் கணக்கு. ‘பழக்கமாகிவிடும்’ என்ற அச்சத்துக்கு இடமில்லை. பெரியவர்களுக்கும் 12 வயதைக் கடந்தவர்களுக்கும் நீலப் பம்ப்பை மட்டும் தனியே கொடுக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ஜினா 2019இல் அறிவித்தது. அதை மட்டுமே நம்பியவர்களில் கடுந்தாக்குதலும் இறப்பும் அதிகம் என்பதே காரணம். உங்களிடம் நீலப் பம்ப் மட்டும் இருந்தால், மாதத்தில் எத்தனை முறை எடுக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். எது இருந்தாலும் அது பையில் இருக்க வேண்டும். கோத்தா திங்கி வீட்டு அலமாரியில் அல்ல.

என் தோழி இப்போது தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தடுப்புப் பம்ப் எடுக்கத் தொடங்கிய பிறகு கேஸ் பிடிக்கப் போகவில்லை. கடந்த தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூரை மூலையில் ஒரு நீள்கால் சிலந்தி தலைகீழாகத் தொங்கிக் கொண்டிருந்தது. அவள் அதைத் துரத்தவில்லை. பாட்டியின் தலையணை என்ன ஆனது என்று கேட்டேன். பஞ்சை எல்லாம் எடுத்து எரித்துவிட்டாளாம். பாட்டி பூப்போட்டுத் தைத்த உறையை மட்டும் வெந்நீரில் துவைத்து, புதுத் தலையணைக்குப் போட்டிருந்தாள். ஓரத்துத் தையல் விட்டுப் போயிருந்தது. அவள் மகள் அதன் மேல் தலை வைத்து உறங்கிக் கொண்டிருந்தாள்.